நல்லவரா, நம்மவரா?

1967 சட்டமன்றத் தேர்தலில், சொந்த ஊரான விருதுநகரில் காமராஜர் தோற்றார். வாக்கு வித்தியாசம் 1,285. அவரை வென்றவர் பெ. சீனிவாசன், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னால் நின்ற மாணவர் தலைவர். ஒன்பதரை ஆண்டு முதலமைச்சராக இருந்தும் சென்னையில் வாடகை வீட்டிலேயே குடியிருந்தவர் காமராஜர். ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வருவதற்காக மதிய உணவைப் பரவலாக்கியவர். நேரு மறைந்தபோதும் சாஸ்திரி மறைந்தபோதும் அடுத்த பிரதமர் யார் என்பதை முடிவு செய்ததில் பெரும் பங்கு அவருடையது. அப்படிப்பட்டவரைச் சொந்த ஊரே கைவிட்டது.

இந்தத் தோல்வியைப் பற்றிப் பேச்சு வந்தால், நல்லவர்களுக்குக் காலமில்லை என்ற பெருமூச்சோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுவது வழக்கம். அங்கே முடித்துக்கொள்ளக் கூடாது என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் 1969 ஜனவரியில் நாகர்கோவில் மக்களவைத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. அதே காமராஜர் நின்றார், ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இரண்டே ஆண்டில் அவர் முன்பைவிட நேர்மையானவராகவோ எளிமையானவராகவோ மாறிவிடவில்லை. தொகுதி வேறு என்பது உண்மை. குமரி மாவட்டத்தில் காங்கிரசுக்கு இருந்த வேரும் அங்குள்ள சமூகக் கணக்கும் அவருக்குத் துணை நின்றன என்பதும் உண்மை. ஆனால் இன்னொன்றும் மாறியிருந்தது. 1967இல் அரிசித் தட்டுப்பாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்சியின் அகில இந்தியத் தலைவராக அவர் வாக்குக் கேட்டார். 1969இல் ஆட்சியில் இருந்தது திமுக. அவர் எதிர்த்தரப்பில் நின்று கேட்டார்.

அப்படியானால் வேட்பாளரின் குணத்துக்கும் வாக்குக்கும் உள்ள உறவு என்ன? அரசியல் உளவியல் என்ற துறை இதை அரை நூற்றாண்டாக அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. வாக்காளர்கள் குணத்தைப் பார்க்கிறார்கள் என்பதில் அந்தத் துறையில் பெரிய சந்தேகம் இல்லை. குணம் என்று அவர்கள் எதைப் பார்க்கிறார்கள், யாருடைய கண் வழியாகப் பார்க்கிறார்கள், பார்த்ததை வாக்காக மாற்ற அவர்களுக்கு வழி இருக்கிறதா என்பவையே உண்மையான கேள்விகள்.

அளக்கும் வேலை பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தேசியத் தேர்தல் ஆய்வு 1948 முதல் ஒவ்வோர் அதிபர் தேர்தலையும் ஒட்டி வாக்காளர்களைச் சந்தித்துக் கேள்வி கேட்டு வருகிறது. 1980களிலிருந்து அந்தக் கேள்வித்தாளில் வேட்பாளரின் குணம் பற்றி ஒரு பகுதி நிரந்தரமாக இடம்பிடித்தது. இவர் விவரமானவரா, உறுதியாகத் தலைமை தாங்கக்கூடியவரா, ஒழுக்கமானவரா, உங்களைப் போன்றவர்கள் மீது உண்மையிலேயே அக்கறை உள்ளவரா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். டொனால்டு கிண்டர் என்ற அரசியல் அறிவியலாளர் இந்தப் பதில்களை நான்கு குவியலாகப் பிரித்தார்: திறமை, தலைமை, நேர்மை, பரிவு. அதன் பிறகு வந்த ஆய்வுகள் பெரும்பாலும் இந்த நான்கைச் சுற்றியே நடந்தன.

நான்கில் எது வாக்கை அதிகம் இழுக்கிறது? படித்தவர்களிடம் கேட்டால் திறமை என்பார்கள், அல்லது நேர்மை என்பார்கள். லாசே லவுஸ்ட்சன், அலெக்சாண்டர் போர் என்ற இரு ஆய்வாளர்கள் 1984 முதல் 2008 வரையிலான அமெரிக்கத் தரவுகளை எடுத்துப் பார்த்து 2017இல் வெளியிட்ட முடிவு வேறு. மற்ற மூன்றையும்விடப் பரிவுக்கே எடை அதிகம். 'இவர் நம்மைப் பற்றிக் கவலைப்படுகிறாரா' என்பதுதான் முன்னால் நிற்கும் கேள்வி.

அந்தக் கேள்வி ஒரு தேர்தலில் எப்படி வெளிப்பட்டது என்று பார்க்க, 1992 அக்டோபர் 15 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் நடந்த விவாதத்தைப் பார்க்கலாம். அதிபர் ஜார்ஜ் புஷ், அவரை எதிர்த்து பில் கிளிண்டன், சுயேச்சையாக ராஸ் பெரோ. கேள்வி கேட்டவர்கள் பத்திரிகையாளர்கள் அல்லர். சுற்றிலும் உட்கார்ந்திருந்த சாதாரண வாக்காளர்கள். ஓர் இளம்பெண் எழுந்து, நாட்டின் கடன் உங்கள் ஒவ்வொருவருடைய சொந்த வாழ்க்கையையும் எப்படிப் பாதித்திருக்கிறது, பாதிக்கவில்லை என்றால் எங்கள் கஷ்டத்துக்கு உங்களால் எப்படித் தீர்வு காண முடியும் என்று கேட்டார். அந்த நேரத்தில் புஷ் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தது தொலைக்காட்சியில் தெரிந்தது. பிறகு அவர் வட்டி விகிதத்தைப் பற்றித் தொடங்கி, கேள்வி சரியாகப் புரியவில்லை என்று தடுமாறினார். கிளிண்டன் இருக்கையை விட்டு எழுந்து அந்தப் பெண்ணை நோக்கி நடந்தார். உங்களுக்கு என்ன பாதிப்பு என்று அவரிடமே திருப்பிக் கேட்டார். தன்னுடையது சின்ன மாநிலம் என்றும், அங்கே தொழிற்சாலை மூடினால் வேலை இழந்தவர்களைத் தனக்குப் பெயர் சொல்லித் தெரியும் என்றும் சொன்னார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண் கேட்டது கடனைப் பற்றி. பொருளாதார மந்தத்தையே அவர் அப்படிக் குறிப்பிட்டார் என்று கிளிண்டன் எடுத்துக்கொண்டு பேசினார். பொருளாதாரப் பாடமாகப் பார்த்தால் அவர் பதிலில் பெரிய சரக்கு இல்லை. பார்த்தவர்களுக்கு அது தேவையாகவும் இருக்கவில்லை. இத்தனைக்கும் நேர்மை என்ற அளவுகோலில் கிளிண்டன் அந்தத் தேர்தல் முழுக்கவே பின்தங்கியிருந்தார். திருமணத்துக்கு வெளியிலான உறவு பற்றியும், வியட்நாம் போருக்குப் போகாமல் தவிர்த்தது பற்றியும் அவர் மீது கேள்விகள் குவிந்திருந்தன. வாக்காளர்கள் அதை அறிந்தே வாக்களித்தார்கள். உலகப் போரில் விமானியாகப் பறந்த புஷ் தோற்றார்.

இந்த வெளிச்சத்தில் விருதுநகரைத் திரும்பப் பார்த்தால் எனக்கு வேறு ஒன்று தெரிகிறது. 1967இல் அரிசிக்கு வரிசையில் நின்ற குடும்பத்துக்கு, காமராஜர் கையூட்டு வாங்காதவர் என்பதில் ஐயம் வந்திருக்கத் தேவையில்லை. எதிரணி மேடைகள் அரிசி என்ன விலை, பருப்பு என்ன விலை என்றே கேட்டன. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று திமுக வாக்குக் கொடுத்தது. இரண்டு ஆண்டுக்கு முன் மொழிப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. இவை எல்லாம் சேர்ந்து, அவர் இப்போது யார் பக்கம் இருக்கிறார் என்ற சந்தேகத்தைக் கிளப்பின. நேர்மையில் விழாத அடி பரிவில் விழுந்தது என்பது என் கணிப்பு. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட மனிதருக்கு இது நேர்ந்தது கொடுமைதான். ஆனால் அதை மக்களின் நன்றிகெட்டதனம் என்று சொல்லி ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த சிக்கல் இன்னும் அடிப்படையானது. லட்சக்கணக்கான வாக்காளர்கள் உள்ள தொகுதியில் வேட்பாளரோடு நேரில் பழகியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நேரில் பழகாத ஒருவருடைய குணத்தை மனித மூளை எப்படி முடிவு செய்கிறது?

2005இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் டொடோரோவ் குழுவினர் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்க செனட் தேர்தலில் நேருக்கு நேர் மோதிய இருவரின் புகைப்படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். முகம் ஏற்கெனவே தெரிந்திருந்தால் அந்தப் பதிலை எடுத்துவிடுவார்கள். கட்சி சொல்லவில்லை, பெயர் சொல்லவில்லை. இவர்களில் யார் திறமையானவராகத் தெரிகிறார் என்ற ஒரே கேள்வி. பெரும்பான்மையோர் கைகாட்டிய முகம், ஏறத்தாழ 70 விழுக்காடு போட்டிகளில் உண்மையிலேயே வென்றவரின் முகமாக இருந்தது. 2007இல் ஆளுநர் தேர்தல்களை வைத்துச் செய்த தொடர் ஆய்வில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் முகத்தைக் காட்டினார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டபோது கணிப்பு மோசமானது.

சுவிட்சர்லாந்தில் ஜான் அன்டோனாகிஸ், ஓலாஃப் டால்காஸ் என்ற இருவர் இதைக் குழந்தைகளிடம் கொண்டுபோனார்கள். ஐந்து முதல் பதின்மூன்று வயது வரையிலான பிள்ளைகள். முதலில் டிராய் நகரத்திலிருந்து இதாக்கா தீவுக்குக் கப்பலில் போகும் ஒரு விளையாட்டு. பிறகு இரண்டு முகங்களைக் காட்டி, உங்கள் கப்பலுக்கு யாரைக் கேப்டனாக வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டார்கள். காட்டியவை 2002 பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலின் இரண்டாம் சுற்றில் மோதிய வேட்பாளர்களின் முகங்கள். பிள்ளைகள் ஏறத்தாழ 71 விழுக்காடு வென்றவரையே தேர்ந்தெடுத்தார்கள். பெரியவர்களிடம் கேட்டபோதும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

இந்த ஆய்வுகள் உலகமெங்கும் செய்தியாயின. அதில் ஒரு மிகையும் சேர்ந்துகொண்டது. நாணயத்தைச் சுண்டினாலே 50 விழுக்காடு சரியாக வரும். ஆகவே முகம் கூட்டித் தருவது அதற்கு மேல் உள்ள இருபது மட்டுமே. அந்த இருபதும் முழுக்க வாக்காளரின் பலவீனம் என்று சொல்லிவிட முடியாது. கடும் போட்டி உள்ள, கைக்கு எட்டக்கூடிய தொகுதிகளில் கட்சிகளே எடுப்பான தோற்றம் உள்ளவரைத் தேடி நிறுத்துகின்றன என்று 2009இல் வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். கேப்ரியல் லென்சும் சாப்பல் லாசனும் 2011இல் இன்னொரு வரம்பைக் கண்டார்கள்: தோற்றத்தின் செல்வாக்கு எல்லோரிடமும் ஒன்றாக இல்லை, அரசியல் விவரம் குறைவாகவும் தொலைக்காட்சி பார்க்கும் நேரம் அதிகமாகவும் உள்ளவர்களிடம்தான் அது வேலை செய்கிறது. வேறு தகவல் இல்லாத இடத்தை முகம் நிரப்புகிறது.

காலமும் முகத்தின் மதிப்பை மாற்றுகிறது. 2004 அமெரிக்கத் தேர்தலில் மோதிய இளைய புஷ், ஜான் கெர்ரி இருவரின் முக அமைப்புகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைக் கணினியில் எடுத்து, யார் என்று கண்டுபிடிக்க முடியாத பொதுவான ஒரு முகத்தின் மேல் ஏற்றினார்கள் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள். போர்க்காலத் தலைவர் யார் என்று கேட்டபோது புஷ் சாயல் கொண்ட முகத்துக்கும், அமைதிக் காலத்துக்கு என்று கேட்டபோது கெர்ரி சாயல் கொண்ட முகத்துக்கும் ஆதரவு கூடியது. பயம் இருக்கும்போது வேண்டப்படும் குணம் வேறு, பயமில்லாதபோது வேண்டப்படும் குணம் வேறு. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; இந்தியாவுக்கு வரும்போது மிகவும் உதவும்.

முகத்தை வாக்குச்சீட்டிலேயே அச்சடிப்பது நம் நாட்டில் 2015க்குப் பிறகு வந்த வழக்கம். ஒரே பெயரில் பலர் நின்று வாக்காளரைக் குழப்பும் தந்திரத்துக்கு மருந்தாகத் தேர்தல் ஆணையம் அதைக் கொண்டுவந்தது. 2024இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரும் அதே முதலெழுத்தும் கொண்ட வேறு சிலரும் வேட்புமனு கொடுத்ததைப் பார்த்தோம். அந்த ஏற்பாட்டின் தேவையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பொத்தானை அழுத்தப் போகும் அந்தக் கடைசி நொடியில் கண் முன்னால் இருப்பது வேட்பாளரின் பெயர், முகம், சின்னம் ஆகிய மூன்றும்தான் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் முகத்தின் கதை இன்னும் ஆழமானது. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் இருந்த அவரது படம் சுவரொட்டியாகத் தமிழகம் முழுக்கப் பரவியது. பரங்கிமலையில் படுக்கையிலிருந்தபடியே அவர் வென்றார். 1984 டிசம்பர் தேர்தலின்போது நியூயார்க்கில் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தார். அவர் நலமாக இருக்கிறார் என்று காட்டும் வீடியோ இங்கே ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. தொகுதியில் காலே வைக்காமல் ஆண்டிப்பட்டியில் வென்றார். திரையில் ரிக்‌ஷாக்காரராகவும் விவசாயியாகவும் படகோட்டியாகவும் நின்று ஏழைக்காக அடி வாங்கி அடி கொடுத்தவருடைய குணத்தை மக்கள் இருபது ஆண்டுகளாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் இந்தப் பிம்பம் எப்படிக் கட்டப்பட்டது என்பதை விரிவாக ஆராய்ந்து 1992இல் புத்தகமாகவே எழுதினார். என்னைப் பொறுத்தவரை, பரிவு என்ற அளவுகோலில் எம்.ஜி.ஆர். பெற்ற மதிப்பெண்ணை எந்த நாட்டு ஆய்வின் அட்டவணையிலும் அடக்குவது கடினம்.

இதுவரை பார்த்தது தனி மனிதனின் கண். ஆனால் பெரும்பாலான வாக்காளர்கள் ஏற்கெனவே ஒரு தரப்பில் நின்றுகொண்டுதான் வேட்பாளரைப் பார்க்கிறார்கள். இங்கேதான் ஆய்வாளர்களுக்குப் பெரிய தலைவலி. 'அவர் நேர்மையானவர், அதனால் வாக்களித்தேன்' என்று ஒருவர் சொல்கிறார். அது உண்மையாக இருக்கலாம். கட்சியைப் பார்த்து வாக்கை முடிவு செய்துவிட்டு, பிறகு நேர்மையானவர் என்று நம்பத் தொடங்கியிருக்கவும் கூடும். கேள்வித்தாளில் இரண்டு பேரும் ஒரே கட்டத்தில்தான் டிக் போடுவார்கள்.

இந்தப் பின்னோக்கிய இழுப்பு எவ்வளவு வலுவானது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சொந்த வாழ்க்கையில் ஒழுக்கக்கேடான செயலைச் செய்த ஒருவர் பொதுப்பணியில் நெறியோடு நடந்துகொள்ள முடியுமா என்று அமெரிக்காவின் பொது மத ஆய்வு நிறுவனம் 2011இல் கேட்டது. முடியும் என்று சொன்ன வெள்ளையின நற்செய்திக் கிறித்தவர்கள் 30 விழுக்காடு. எல்லாப் பிரிவினரிலும் மிகக் கண்டிப்பானவர்கள் அவர்கள்தான். 2016 அக்டோபரில் அதே கேள்வியை மறுபடி கேட்டபோது முடியும் என்றவர்கள் 72 விழுக்காடு. இடையில் அவர்களுடைய வேத நூல் மாறவில்லை. அவர்கள் ஆதரித்த கட்சியின் வேட்பாளராக டொனால்டு டிரம்ப் வந்திருந்தார். ஐந்தே ஆண்டில், ஒரு பெரிய சமூகம் குணத்துக்கான தன் வரையறையையே தளர்த்திக்கொண்டது.

எதிர்த்தரப்பும் இதற்கு விலக்கல்ல. மோனிகா லெவின்ஸ்கி விவகாரத்தில் பொய் சொன்னதற்காக 1998 டிசம்பரில் கிளிண்டன் மீது பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டித் தீர்மானம் நிறைவேற்றிய அதே வாரக்கடைசியில், கேலப் கருத்துக்கணிப்பில் அவருடைய செயல்பாட்டுக்குக் கிடைத்த ஆதரவு 73 விழுக்காடு. நேர்மையானவரா என்று கேட்டால் இல்லை என்றவர்களே, வேலையைச் சரியாகச் செய்கிறாரா என்று கேட்டால் ஆமாம் என்றார்கள். வேலைவாய்ப்பு இருந்தது, பெரிய போர் எதுவும் இல்லை. மக்கள் அவரை நல்லவர் என்று நம்பி ஏமாறவில்லை. தெரிந்தே ஒரு குறையை ஒதுக்கி வைத்தார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே வேட்பாளரின் குணம் குறித்து உலகின் பல நாடுகளில் கிடைக்காத ஓர் ஆவணம் வாக்காளருக்குக் கிடைக்கிறது. ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் தொடுத்த வழக்கில் 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் விளைவு அது. பெயர் படிவம் 26. பேச்சுவழக்கில் பிரமாணப் பத்திரம். முத்திரைத்தாளில், நோட்டரி கையெழுத்தோடு, வேட்புமனுவுடன் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு பத்திரத்தைக் கையில் எடுத்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். வேட்பாளர், துணைவர், சார்ந்திருப்போர் ஆகியோரின் வருமான வரி விவரம், ஐந்து ஆண்டுக் கணக்கு. கையிருப்பு ரொக்கம். வங்கி வைப்பு. நகை எத்தனை கிராம். நிலம் எந்த சர்வே எண்ணில், எவ்வளவுக்கு வாங்கியது, இன்றைய மதிப்பு என்ன. கடன் யாரிடம். நிலுவையில் உள்ள குற்ற வழக்கு என்ன பிரிவில், எந்த நீதிமன்றத்தில், குற்றச்சாட்டு வனையப்பட்டதா, எந்தத் தேதியில். எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது. ஒன்றுமில்லை என்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையிலும் ஆணையத்தின் இணையதளத்திலும் இது பொதுமக்கள் பார்வைக்கு வருகிறது.

இத்தனை வெளிப்படையான பிறகு என்ன நடந்தது? அந்தச் சங்கமே பத்திரங்களைத் தொகுத்துக் கணக்குப் போடுகிறது. தங்கள் மீது குற்ற வழக்கு இருப்பதாக அறிவித்த மக்களவை உறுப்பினர்கள் 2009இல் 30 விழுக்காடு. 2014இல் 34. 2019இல் 43. 2024இல் 46 விழுக்காடு, அதாவது 543 பேரில் 251 பேர். வழக்குள்ள வேட்பாளர்களில் 2024இல் வென்றவர்கள் 15.3 விழுக்காடு, வழக்கில்லாதவர்களில் 4.4 விழுக்காடு மட்டுமே.

இந்தக் கடைசி ஒப்பீட்டை ஊடகங்கள் தேர்தலுக்குத் தேர்தல் அதிர்ச்சிச் செய்தியாகப் போடுகின்றன. அதை அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. 2024இல் நின்ற வேட்பாளர்களில் ஏறத்தாழ 3,900 பேர் சுயேச்சைகள். வென்றவர்கள் 7 பேர். இந்த ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் மீது வழக்கும் இல்லை, வெல்லும் வாய்ப்பும் இல்லை. வழக்கில்லாதவர்களின் வெற்றி விகிதத்தைக் கீழே இழுப்பது முக்கியமாக இவர்கள்தான். பெரிய கட்சிகள் வழக்குள்ளவர்களுக்கு அதிகம் சீட் தருகின்றன, பெரிய கட்சி வேட்பாளர்கள் அதிகம் வெல்கிறார்கள் என்பதையே அந்த எண் முதன்மையாகச் சொல்கிறது. வாக்காளர் வழக்கைக் கண்டு மயங்கி வாக்களித்தார் என்பதற்கு அது ஆதாரமாகாது. இன்னொன்று, வழக்கு வேறு தண்டனை வேறு. மறியல் செய்ததற்கும் ஆர்ப்பாட்டம் நடத்தியதற்கும் போட்ட வழக்குகளும் அந்தப் பட்டியலில் உண்டு. கொலை முயற்சி, ஆள்கடத்தல் போன்ற கடுமையான வழக்குகளை மட்டும் தனியாக எடுத்தாலும் 170 உறுப்பினர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் கவலைப்பட வேண்டிய எண்.

மிலன் வைஷ்ணவ் என்ற ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட நூல், இதைச் சந்தையாகப் பார்க்கிறது. கட்சிகளுக்கு வேண்டியது தேர்தல் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆள். வாக்காளருக்கு வேண்டியது வேலை நடத்திக் கொடுக்கும் ஆள். தாலுகா அலுவலகத்தில் பட்டா மாற்றத்துக்கு மாதக்கணக்கில் அலைகிறவர், காவல் நிலையத்தில் புகாரைப் பதிவு செய்யவே பயப்படுகிறவர், சாதி மோதலில் எந்த நேரமும் வீடு எரியலாம் என்ற அச்சத்தில் வாழ்கிறவர், இவர்களுக்கெல்லாம் பத்திரத்தில் உள்ள வழக்கு வேறு செய்தியைச் சொல்லக்கூடும்: இவருக்குத் துணிச்சல் இருக்கிறது, நமக்காக மோதுவார். போர்க்கால முகத்தைத் தேடிய அந்த ஆய்வின் தர்க்கம் இங்கே தெருவில் நடக்கிறது. அச்சம் இருக்கும் வரை அடிதடிக்காரரிடம் பரிவு தெரியும்.

ஆனால் கிராமத்து ஏழைக்கு நேர்மை ஒரு பொருட்டே அல்ல என்று நகரத்தில் உட்கார்ந்து சொல்கிறவர்களை நான் ஏற்க மாட்டேன். ஆய்வும் அவர்கள் பக்கம் இல்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் டொனால்டு கிரீன், ரோகிணி பாண்டே உள்ளிட்ட கூட்டாளிகளும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். கற்பனை வேட்பாளர்களை விவரித்து யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்டார்கள். சாதி, கட்சி, குற்றப் பின்னணி, ஊழல் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். தன் சாதிக்காரரே ஆனாலும், குற்றமோ ஊழலோ சேர்ந்தால் ஆதரவு நன்றாகச் சரிந்தது. ஏழைகளிடமும் சரிந்தது. சுத்தமான மாற்று ஒன்று கண் முன்னால் இருந்தால் அவர்கள் அதை எடுத்துக்கொள்கிறார்கள். நிஜத் தேர்தலில் அந்த மாற்று இருப்பதில்லை. வெல்லக்கூடிய இரண்டு மூன்று வேட்பாளர்கள் மீதும் வழக்கு இருக்கிற தொகுதிகள் ஏராளம். அங்கே குணத்தை வைத்துத் தேர்ந்தெடு என்று வாக்காளரிடம் சொல்வதில் பொருளே இல்லை.

தகவல் மட்டும் போதுமா என்பதை நேரடியாகச் சோதித்த நாடுகளும் உண்டு. பிரேசில் அரசு 2003 முதல் குலுக்கல் முறையில் நகராட்சிகளைத் தேர்ந்தெடுத்து மத்திய அரசுப் பணம் எப்படிச் செலவானது என்று தணிக்கை செய்தது. 2004 தேர்தலுக்கு முன்பே தணிக்கை அறிக்கை வெளிவந்த ஊர்களையும், தேர்தலுக்குப் பிறகு வெளிவந்த ஊர்களையும் கிளாடியோ ஃபெராசும் ஃபிரெடெரிகோ ஃபினானும் ஒப்பிட்டார்கள். ஊழல் அம்பலமான மேயர்கள் மறுபடி வெல்லும் வாய்ப்பு குறைந்தது. உள்ளூர் வானொலி இருந்த ஊர்களில் அது இன்னும் அதிகமாகக் குறைந்தது. அதே வானொலி, சுத்தமானவர் என்று தணிக்கை சொன்ன மேயருக்கு வாக்கைக் கூட்டியும் கொடுத்தது. திருடினாலும் வேலை செய்வார் என்று அரசியல்வாதியைப் பாராட்டும் வழக்கம் ஊறிப்போன நாடு அது. அங்கேயே இது நடந்தது.

மெக்சிகோவில் விளைவு கசப்பாக இருந்தது. 2009 நகராட்சித் தேர்தலுக்கு முன் ஊழல் விவரத்தைத் துண்டறிக்கையாக வீடு வீடாகக் கொடுத்தார்கள். ஆளும் கட்சிக்கு வாக்கு குறைந்தது, எதிர்க்கட்சிக்கும் சேர்த்துக் குறைந்தது. வாக்குச்சாவடிக்கு வந்த ஜனங்களின் எண்ணிக்கையே குறைந்தது. பெனின், பிரேசில், புர்கினா ஃபாசோ, மெக்சிகோ, உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளில் ஒரே திட்டப்படி நடத்திய சோதனைகளின் கூட்டு முடிவு 2019இல் வந்தது: வேட்பாளர் பற்றிய தகவலைத் தேர்தலுக்குச் சற்று முன் வாக்காளர்களிடம் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போவதால் சராசரியாக எந்த மாற்றமும் இல்லை. பிரேசிலின் முந்தைய அனுபவத்தோடு இதைச் சேர்த்துப் படித்தால் வேறுபாடு புரிகிறது. அங்கே தகவல் முன்கூட்டியே வந்தது, ஊரே நம்பும் குரலில் வந்தது, எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள், கேட்டதை டீக்கடையில் பேசிக்கொள்ள அவகாசம் இருந்தது.

நம் பிரமாணப் பத்திரம் வருவதோ வேட்புமனுவோடு, வாக்குப்பதிவுக்குச் சில வாரம் முன்னால். வழக்குள்ள வேட்பாளர் மூன்று முறை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் தர வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 பிப்ரவரி 13 அன்று வந்த உத்தரவு கேள்வியைக் கட்சிகளின் பக்கம் திருப்பியது. வழக்குள்ள ஒருவரை நிறுத்தினால் ஏன் அவரை நிறுத்தினோம், வழக்கில்லாத வேறொருவர் ஏன் கிடைக்கவில்லை என்று கட்சி எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் அவருடைய தகுதியையும் சாதனையையும் பற்றியதாக இருக்க வேண்டும். வெற்றி வாய்ப்பு உள்ளவர் என்பதை மட்டும் காரணமாகக் காட்டக் கூடாது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் நடந்த பீகார் சட்டமன்றத் தேர்தல்தான் முதல் சோதனை. உத்தரவைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று 2021 ஆகஸ்டில் எட்டுக் கட்சிகளுக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது. அவற்றில் தேசியக் கட்சிகளும் உண்டு, மாநிலக் கட்சிகளும் உண்டு. தொகையில் மிகப் பெரியது 5 லட்சம் ரூபாய். கட்சிகள் எழுதிக் கொடுக்கும் இந்தக் காரணப் படிவங்கள் சி-7 என்ற பெயரில் அவற்றின் இணையதளங்களில் கிடக்கின்றன. மக்கள் செல்வாக்கு உள்ளவர், சமூக சேவை செய்பவர், வழக்குகள் அரசியல் காழ்ப்பில் போடப்பட்டவை என்ற மாதிரியான வரிகளைத் தொகுதிக்குத் தொகுதி திரும்பத் திரும்பப் படிக்கலாம். அடுத்த தேர்தலில் உங்கள் தொகுதி வேட்பாளரின் படிவத்தையும் தேடி எடுத்துப் படியுங்கள். சீட் கேட்டு வரிசையில் நின்ற மற்றவர்களின் பெயர் அதில் இருக்காது.